காலி பிக்கப் வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் பிடிமானம் கூடுமா?

ஓமலூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் பேகூர் சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். அலுவலகம் எலெக்ட்ரானிக் சிட்டியில். பிறர் ஓட்டிய வண்டியாக வாங்கிய டீசல் டபுள் கேப் பிக்கப் ஒன்றை ஓட்டி வருகிறேன். இவ்வகை வண்டிகளுக்கு உரிய வழக்கமான அமைப்புதான்: முன்னால் காயில் ஸ்பிரிங்குடன் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு), பின்னால் ஹவுசிங்கின் (பின் அச்சைப் பொதிந்த குழாய்) மேல் அமர்ந்த லீஃப் பட்டை (அடுக்கிய வில் தகடுகள்), டயர் அளவு 255/60 ஆர்18. வார நாள்களில் லோடு பாடி காலியாகவே இருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் தோட்டத்துத் தேங்காய், அரிசி மூட்டை என்று ஏற்றி வருவேன்.

குறை இரண்டு இடங்களில் தெரிகிறது. சில்க் போர்டுப் பக்கமிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் மேம்பாலச் சாலையில், பால இணைப்புகளைக் கடக்கும்போதெல்லாம் பின்பக்கம் குதிக்கிறது. இணைப்பு ஒரு மிதமான வளைவில் வந்துவிட்டால், பின் சக்கரங்கள் பக்கவாட்டில் சற்றே நகர்ந்து அமர்வது இருக்கையிலேயே தெரிகிறது. மற்றொன்று, தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது: ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி முதலில் சாய்கிறது, அதன் பிறகுதான் திரும்புகிறது. லாரிகள் நெருக்கிக்கொண்டு இறங்கும் அந்த இறக்கத்தில் இந்தத் தாமதம் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

ஒரு பட்டறையில் விசாரித்ததற்கு, முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டு, பின்னால் பட்டைக்குக் கீழே இருக்கும் ஹவுசிங்கைப் பட்டைக்கு மேலே மாற்றிப் பூட்டிவிட்டால் வண்டி நன்றாகத் தாழ்ந்து கார் போல ஓடும் என்றார்கள். உயரம் குறைந்தால் சாய்வு குறையும் என்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் சேஸிஸில் கை வைக்கும் முன், அறிந்தவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. எவ்வளவு தாழ்த்தலாம், எதை எதோடு சேர்த்து மாற்ற வேண்டும், தாழ்த்தாமலே இந்தக் குறைகள் தீர வழி உண்டா?

வரைவுமேசை எழுதியது:

வாகன உதிரிபாக வடிவமைப்பில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

உயரம் குறைந்தால் நன்மை உண்டு என்பது உண்மை. வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர் விகிதத்திலும் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்கு எதிர் விகிதத்திலும் அமைகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் வாகனங்கள் கவிழும் அபாயத்தை மதிப்பிட எடுத்துக்கொண்ட அளவுகோலும் இதுதான்: சக்கர அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுப்பது. கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரையிலும், பிக்கப் போன்ற உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையிலும் வரும். கணக்குக்காக, சக்கர அகலம் 1570 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை 1.12. உடலை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினாலும் சக்கரங்களும் ஹவுசிங்கும் இருந்த இடத்திலேயே இருப்பதால், மொத்த ஈர்ப்பு மையம் 33 அளவுக்குத்தான் இறங்கும், விடை 1.18 ஆகும். எடை மாற்றம் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. நன்மைதான், ஆனால் பிக்கப்பைக் காராக்கும் அளவுக்கு அல்ல.

பட்டறைகளில் பெரும்பாலும் பேசப்படாத பக்கம் இனிதான் வருகிறது. உடல் சாய்வது ஈர்ப்பு மையத்தைச் சுற்றி அன்று; ரோல் சென்டர் எனப்படும் புள்ளியைச் சுற்றி. டபுள் விஷ்போன் அமைப்பில் அந்தப் புள்ளி, மேல் கையும் கீழ்க் கையும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கி உடலை இறக்கினால் கைகளின் கோணம் மாறி, ரோல் சென்டர் உடலைவிட வேகமாகக் கீழிறங்குவது வழக்கம். உடலின் ஈர்ப்பு மையம் 40 மில்லிமீட்டர் இறங்கும்போது ரோல் சென்டர் 60 இறங்கினால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் 20 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. உடலைச் சாய்க்கும் நெம்புகோல் அந்தத் தூரம்தான். அதாவது, ஸ்பிரிங்கின் கடினத்தைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் குறைத்தால், நீங்கள் புகார் சொல்லும் அந்தச் சாய்வு கூடவும் வாய்ப்புண்டு. எடை மாற்றம் வேறு, சாய்வு வேறு. தாழ்த்துவது முதலாவதைக் கட்டாயம் குறைக்கும், இரண்டாவதுக்கு உத்தரவாதம் தராது.

அடுத்தது டை ராட், அதாவது ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு. சக்கரம் மேலும் கீழும் போகும்போது, டை ராட் வரையும் வில்லும் கீழ்க் கை வரையும் வில்லும் ஒத்துப்போகுமாறு உற்பத்தியாளர் அமைத்திருப்பார். வண்டியை இறக்கியதும் இரண்டும் தத்தம் வில்லின் வேறொரு பகுதியில் போய் நிற்கின்றன, ஒத்திசைவு கெடுகிறது. பிறகு பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போதெல்லாம், ஸ்டியரிங்கை அசைக்காமலே அது தானாகத் திரும்பும். வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்த எந்திரம் நிற்கும் வண்டியின் கோணத்தைத்தான் சரிசெய்யும், ஓடும்போது மாறுவதை அன்று. இதைச் சோதிக்க, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கீழ்க் கையை ஜாக்கியால் பத்துப் பத்து மில்லிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தின் முன்விளிம்பு எவ்வளவு உள்ளே வெளியே போகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே, அமெரிக்காவில் பிக்கப்களைத் தாழ்த்துவோர் டிராப் ஸ்பிண்டில் பூட்டுகிறார்கள்: சக்கரம் பூட்டும் அச்சு மேலே தள்ளி அமைக்கப்பட்ட ஸ்பிண்டில் அது, கைகளின் கோணம் மாறாமலே வண்டி இறங்கும். நம் ஊரில் ஓடும் பிக்கப்களுக்கு அது கடையில் எடுக்கும் பொருளன்று. நாமே ஒன்றைக் கடைந்து பூட்டிக்கொள்ளும் யோசனை வேண்டவே வேண்டாம்; சக்கரம் மொத்தமும் அந்த ஒரு பாகத்தில்தான் தொங்குகிறது.

தரை இடைவெளி குறித்தும் ஒரு குழப்பம் உண்டு. பிக்கப்பின் பின்புறத்தில் ஆகத் தாழ்ந்த இடம் டிஃப்ரன்ஷியல் குண்டு (ஹவுசிங்கின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி). அது ஹவுசிங்கோடு இருப்பதால், வண்டியை எவ்வளவு தாழ்த்தினாலும் அதன் உயரம் மாறாது. இறங்குவது டீசல் டாங்க், முன் கிராஸ் மெம்பர் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்), பக்கப்படி ஆகியவை. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டிருக்க வேண்டும் என்றது. அந்த வளைவில், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள வண்டி நின்றால் நடுவயிறு நோக்கி மேடு எழும்புவது 7 சென்டிமீட்டர்தான். தாழ்த்திய வண்டியும் தாராளமாகக் கடக்கும். பெங்களூரில் வேகத்தடைக்கு அப்படியொரு அளவு உண்டு என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். உள் தெருக்களில் இரவோடு இரவாக முளைக்கும் குறுகலான, செங்குத்தான தடைகளில் முழு உயரமும் வயிற்றுக்கு வந்து நிற்கும்.

எந்த முடிவுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 100 கிலோ அளவுக்கு மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி கட்டி, அதே மேம்பாலத்திலும் அதே வளைவுகளிலும் ஓட்டுங்கள். எந்தக் குறை குறைகிறது, எது அப்படியே இருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்து எழுதுங்கள்.

பீன்யா பட்டறை எழுதியது:

தம்பி, உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வேலைகளில் பின்பக்க வேலைதான் எனக்குக் கவலை தருகிறது.

ஹவுசிங்கைப் பட்டைக்கு மேலே மாற்றினால், ஹவுசிங் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கும்; இந்த அளவு வண்டிகளில் அது ஐந்து, ஆறு அங்குலம் வரை போகும். நாற்பது மில்லிமீட்டர் இறக்க நினைப்பவருக்கு இது எதற்கு? அவ்வளவு இறங்கியதும் ஹவுசிங் சேஸிஸில் இடிக்கும். இடிக்காமலிருக்கச் சேஸிஸ் சட்டத்தில் பிறை போல வெட்டிப் பட்டை கொடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டை அமரும் இருக்கையை ஹவுசிங்கின் மறுபக்கத்தில் வெல்டிங் செய்யும்போது பினியன் கோணத்தையும் (ஷாஃப்ட் ஹவுசிங்கில் சேரும் கோணம்) பார்த்து வைக்காவிட்டால், எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட் அதிரும், அதன் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் போகும். தேங்காய் ஏற்றும் வண்டியின் சேஸிஸை வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

பட்டையைக் குறைப்பது பற்றியும் யாராவது சொல்வார்கள், முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். கட்டின் அடியில் தடிமனாக, ஏறக்குறைய நேராக இருப்பது ஹெல்பர் பட்டை. காலி வண்டியில் அது மேல்பட்டைகளை அநேகமாகத் தொடுவதே இல்லை. அதை எடுத்தால் காலி ஓட்டத்தில் ஒன்றும் மாறாது, சுமை ஏற்றும்போதுதான் வண்டி உட்காரும். மெயின் பட்டைக்கு அடுத்த பட்டை, மெயின் பட்டையின் கண் (சேஸிஸில் பூட்டும் முனை வளையம்) உடைந்தால் வண்டியைத் தாங்கும் காவல். அதில் கை வைக்கவே கூடாது. வளைவைக் குறைத்துத் தாழ்த்துவது என்றால் பிரஸ்ஸில் குளிர்நிலையில் அழுத்த வேண்டும். கேஸ் வெல்டிங் விளக்கைக் காட்டிச் சிவக்க வைத்து வளைத்தால் பதம் போய்விடும். கொஞ்ச நாளில் தானாகவே இன்னும் தொங்கும்.

முன் ஸ்பிரிங்கை வெட்டினால் சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்து கடினம் கூடும். எட்டுச் சுற்று ஏழானால் சுமார் 14 விழுக்காடு. அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாகப் படியாது; ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். ஷாக் அப்சார்பரின் நீளமோ பழைய உயரத்துக்கானது. பம்ப் ஸ்டாப்புக்கு (அசைவின் எல்லையில் தடுக்கும் ரப்பர் கட்டை) இருந்த இடைவெளியும் குறைந்துவிடும். வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப் இடித்தால், அந்த மூலையின் கடினம் திடீரென்று பல மடங்காகி டயர் பிடியை விட்டுவிடும்.

இப்போது எவரும் சொல்லாத ஒன்று. வண்டிக்குக் கீழே படுத்து, பின் ஹவுசிங்கின் மேல்பக்கம் பாருங்கள். அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பியோ சிறு நெம்புகோலோ கிளம்பி, சேஸிஸில் பூட்டிய ஒரு பித்தளை வால்வுக்குப் போகிறதா? பிரேக் குழாய்கள் அந்த வால்வில் நுழைந்து வெளியேறும். சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. சேஸிஸ் ஹவுசிங்கை நெருங்கினால் சுமை ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பின்பக்கத்தைத் தாழ்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், காலி வண்டிக்கும் முழுச் சுமைக்கான அழுத்தம் பின் பிரேக்குக்குப் போகும். ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டி ஓரளவு சமாளிக்கும். இல்லாத வண்டியில் மழை நாளில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். உங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர் எதையாவது மாற்றியிருக்கக்கூடும் என்பதால், தாழ்த்தினாலும் தாழ்த்தாவிட்டாலும் அந்தக் கம்பி நேராக, பூட்டியபடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அல்சூர்வாசி எழுதியது:

சட்டத்தின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. தரை இடைவெளி ஆர்.சி.யில் அச்சிடப்படுவதில்லை என்பதால் ஸ்பிரிங் மாற்றத்தை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. சேஸிஸை வெட்டி வெல்டிங் செய்த வண்டிக்கு அந்த வாதம் செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு ஆய்வாளர் முதலில் பார்ப்பதும் வண்டியின் அடிப்பகுதியைத்தான்.

மடிவாளா மேடு எழுதியது:

எல்லோரும் வேண்டாம் என்றே எழுதுவதால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பிக்கப்பை ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தாழ்த்தியே ஓட்டுகிறேன்: கடினம் கூடிய முன் ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டையான ஷாக், பின்னால் குளிர்நிலையில் வளைவு குறைத்த பட்டை, பிரேக் வால்வின் கம்பிக்குப் புதிய அமைப்பு. திருப்பும்போது இருந்த தாமதம் பெரிதும் குறைந்தது. அதில் எனக்கு ஐயமே இல்லை.

வரைவுமேசை ஐயா முன்பக்கத்தை மட்டும் பேசினார். பின்பக்கத்தில் தாழ்த்துவதற்கு ஒரு சாதகமும் உண்டு. பட்டையின் முன் கண், சக்கர அச்சைவிடத் தாழ்வாக வரும்போது, வண்டி சாய்கையில் வெளிப்பக்கச் சக்கரம் சற்று முன்னோக்கியும் உள்பக்கச் சக்கரம் சற்றுப் பின்னோக்கியும் நகரும். பின் அச்சு மொத்தமும் வளைவின் திசையிலேயே இம்மியளவு திரும்புவதால், வேகத்தில் பின்பக்கம் அலையாமல் நிலைத்து நிற்கும். முன் கண் உயரமாக இருந்தால் இதற்கு நேர் எதிராக நடக்கும்.

ஆனால் நான் சுமை ஏற்றுவதில்லை. ஏற்றினால் பம்ப் ஸ்டாப்பில்தான் போய் உட்காரும். அடுக்ககத்தின் அடித்தளச் சரிவில் பக்கப்படி உரசும் சத்தம் கேட்டுக் காவலாளி சிரிப்பதும் வாடிக்கையாகிவிட்டது.

ஓமலூரான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மணல் மூட்டைகளைக் கட்டி மேம்பாலத்தில் காலை நேரத்திலும், பிறகு ஊர் போகும் வழியிலும் ஓட்டிப் பார்த்தேன். பால இணைப்புகளில் பின்பக்கம் குதிப்பது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வளைவில் வரும் இணைப்பில் பக்கவாட்டு நகர்வை அறவே உணரவில்லை. தொப்பூரில் முதலில் சாய்ந்து பிறகு திரும்பும் குணம் மட்டும் சிறிதும் மாறவில்லை. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில், காலி வண்டிக்கும் சுமை வண்டிக்கும் பின் டயர் காற்றழுத்தம் வெவ்வேறாகக் குறிக்கப்பட்டுள்ளது. என் டயர்களில் சுமைக்கான அளவே இருக்கிறது. பிரேக் வால்வின் கம்பி நேராகத்தான் உள்ளது. முன் ஷாக் இரண்டிலும் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் புழுதியும் படிந்திருக்கின்றன. முன்னால் ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பி) உண்டு, பின்னால் இல்லை; பின்னாலும் ஒன்று பூட்டினால் சாய்வு குறையுமா?

வரைவுமேசை எழுதியது:

உங்கள் சோதனையே இரண்டு குறைகளையும் பிரித்துக் காட்டிவிட்டது. பின்பக்கக் குதிப்புக்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை. முழுச் சுமைக்காகச் செய்த பட்டை, காலி லோடு பாடியின் எடைக்கு அசைந்து கொடுக்க மறுக்கிறது, அதன் மேல் சுமைக்கான காற்றழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. காற்றைக் காலி அளவுக்குக் குறையுங்கள். சுமை ஏற்றும் நாளில் ஏற்றும் முன்பே கூட்டிக்கொள்ளுங்கள். பிறகும் குதித்தால் பின் ஷாக் மாற்றுவதைப் பார்க்கலாம்.

சாய்வு முன்பக்கத்துச் சிக்கல். எண்ணெய் கசியும் ஷாக், சாய்வின் முடிவளவைக் கூட்டுவதைவிட, அது எவ்வளவு விரைவாக நடந்து முடிகிறது என்பதைத்தான் கெடுக்கிறது. நீங்கள் தாமதம் என்று உணர்வதன் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும். கூடவே ஆன்டி ரோல் பாரின் புஷ்களையும் (மூட்டு ரப்பர்கள்), கீழ்க் கையின் புஷ்களையும் மாற்றுங்கள். புஷ் தேய்ந்த பாரில் முதல் சில மில்லிமீட்டர் அசைவு வீணாகிறது. பின்னால் பார் பூட்டினால் சாய்வு குறையும்தான். ஆனால் எடை குறைந்த பின்பக்கத்தில் அது வெளிப்பக்க டயருக்கே மேலும் சுமையைத் தள்ளும். ஈரச் சாலையில் காலி வண்டியின் பின்பக்கம் முன்னதாகவே வழுக்கத் தொடங்கும். உங்கள் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். 255/55 டயருக்கு மாறலாமா என்று அடுத்துக் கேட்பீர்களானால், அது 13 மில்லிமீட்டர்தான் இறக்கும். வேகமானி மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுதலாகக் காட்டும், சுமைக் குறியீடும் (டயர் தாங்கும் எடையின் குறி) பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்துக்கு ஷாக்கே மேல்.

பீன்யா பட்டறை எழுதியது:

முன் ஷாக் இரண்டையும் ஜோடியாகவே மாற்றச் சொல்லுங்கள் தம்பி, ஒன்று மட்டும் கசிந்தாலும். கீழ்க் கையின் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும்; ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கியதும் முறுகிக் கிழியும். பின்பக்கம் பட்டையின் யூ போல்ட்டுகளையும் அதே நேரத்தில் டார்க் ஸ்பேனரால் சோதியுங்கள். தளர்ந்த யூ போல்ட்டாலும் ஹவுசிங் நகரும், அதுவும் பக்கவாட்டு நகர்வு போலவே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட், அதற்கு முன் வேண்டாம்.